கொக்கிக்காரனின் வலது கை

அத்தியாயம் 11

ஆறு பொம்மைகளையும் ரோவீனா ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி உயரம்தான். சாம்பல் நிற ரெசின் பிளாஸ்டிக். இன்னும் வண்ணம் தீட்டவில்லை.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், பீஸ்டன் ஊரில் இதே வீட்டின் பின்புற ஷெட்டில், அவளுடைய அப்பா நெவிலும் பெரியப்பா லெஸ்ஸும் ஈயத்தில் வார்த்த அதே ஆறு சூப்பர் ஹீரோக்கள். டிரென்ட் காவலர்கள் என்று பெயர். மேசைமேல் பொம்மைகளை நகர்த்தி விளையாடுகிறவர்கள் தபாலில் பணம் அனுப்பி வாங்கினார்கள். பிறகு லெஸ் ஒருநாள் கிளம்பிப் போனார். அண்ணனும் தம்பியும் அதோடு பேச்சை விட்டார்கள். நெவில் தனியாக இன்னும் பதினோரு வருஷம் வார்த்துவிட்டு ஷெட்டைப் பூட்டினார்.

இப்போது ரோவீனா அவற்றைக் கம்ப்யூட்டரில் மறுபடி செதுக்கியிருந்தாள். லீட்ஸில் ஒரு பல் மருத்துவ லேபில் திரையில் பல் செதுக்குவதுதான் அவள் வேலையாக இருந்தது. கல்யாணம் முறிந்து நாற்பத்தேழு வயதில் அப்பா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவளுக்கு, பல் போய் முகமூடியும் மேலங்கியும் வந்தன. அவ்வளவுதான் வித்தியாசம். நானூறு பேருக்கு மேல் வாங்கக் காத்திருந்தார்கள்.

ஆனால் பொம்மைகளின் பழைய உரிமைப் பத்திரத்தில் பெயர் இரண்டு. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் திங்கட்கிழமை பொம்மைகளை அச்சடிக்கும் யந்திரம் ஓடும் என்று ஈஸ்ட்வுட் அச்சுக்கூடக்காரி கறாராகச் சொல்லிவிட்டாள். நெவில் போட்டுவிட்டார். லெஸ்ஸிடமிருந்து போன வாரம் ஒரு தபால் அட்டை வந்தது. 'புதன்கிழமை வா. நீ மட்டும்.'

இன்று புதன்கிழமை.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?" நெவில் அடுப்படியில் முதுகு காட்டிக்கொண்டு கேட்டார்.

"எடுத்துட்டேன்."

"கொக்கிக்காரனையும்?"

"ஆறு பேருன்னா அவனும் சேத்திதானே அப்பா."

"சும்மா கேட்டேன்."

அவர் சும்மா எதையும் கேட்கிறவர் இல்லை. ஆறு மாதமாக அவள் மாடியில் என்ன செய்கிறாள் என்றே கேட்டதில்லை. சாப்பாட்டுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுச் சுவரைத் தட்டுவார். அவள் இறங்கி வருவதற்குள் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

ஒரே ஒரு தடவை மட்டும் ஏறி வந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால். வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. வாசலில் சாய்ந்து திரையைப் பார்த்தார். கயிற்றில் தொங்கி ஊரைக் காக்கும் கொக்கிக்காரன், பெரிதாக, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தான்.

"அந்த வலது கை சரியா விழல. ரெண்டு விரல் குறையுது. போட்டுடு."

ரோவீனாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். உருக்கிய உலோகம் அச்சின் ஓரத்துக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே ஆறிவிடும். வாள் முனை, விரல் நுனி, இவைதான் முதலில் குறையும். பழைய பொம்மைகளில் இது சர்வ சாதாரணம். பொம்மைக்காரர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், வார்ப்பில் குறை என்று.

இரண்டு நாள் உட்கார்ந்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் செதுக்கிக் கயிற்றைச் சுற்றி மடக்கினாள். கீழே கொண்டுபோய்க் காட்டினாள். நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ம்" என்றார்.

அந்த ஒரு 'ம்' அவளுக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

"நீங்களும் வாங்களேன் அப்பா" என்றாள் இப்போது, கோட்டை மாட்டிக்கொண்டு.

"முட்டி."

"முட்டி ரயில்ல உட்காந்துதானே வரப்போகுது."

"அவன் உன்னைத்தான் கூப்பிட்டான். போ, போ. ரயில் போயிடும்." பிறகு கதவு வரை வந்தார். "டீயில அவனுக்கு மூணு சர்க்கரை."

*

கிரந்தம் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் பெட்டியில் ஆள் குறைந்தது. எதிரில் ஒரு கம்பளித் தொப்பிக்காரி மட்டும் சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

"எங்க கண்ணு போற, இந்தக் குளிர்ல?"

"ஸ்கெக்னஸ்."

"நவம்பர்லயா? கோடைக்குத்தான் அந்தக் கடற்கரை. நவம்பர்ல அங்க போறவங்க ரெண்டே காரணத்துக்குத்தான் போவாங்க. ஒண்ணு சாவு. இல்லேன்னா பூட்டிப் போட்ட வீட்டுல பைப் வெடிச்சிருக்கும்."

"பெரியப்பாவைப் பாக்கப் போறேன்."

"இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப பைப்தான்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ரோவீனாவும் சிரித்தாள். சிரித்தபோது தாடை வலித்தது. எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்கப் போய், வேண்டாமென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே தட்டையான கறுப்பு வயல்கள். கோஸ் அறுத்து முடிந்திருந்தது. ஒரு மரம்கூடக் கண்ணில் படவில்லை.

பெரியப்பாவைப் பற்றி அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது. அவர் தோளில் உட்கார்ந்து காத்தாடி விற்கும் சந்தை பார்த்தது. அப்போது அவளுக்கு எட்டோ ஒன்பதோ. அப்புறம் அவர் இல்லை. 'கடலோரம் போயிட்டாரு' என்று அம்மா சொன்னாள். இறக்கும் வரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

லெஸ் கழுத்தில் டை கட்டியிருந்தார். மேசையில் இரண்டு கோப்பை, தட்டுக்கு மேல் தட்டு கவிழ்த்த ஹாம் சாண்ட்விச், நாலாக வெட்டிய, பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரி. ரொட்டியின் ஓரம் காய்ந்திருந்தது. காலையிலேயே எடுத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது.

"அப்படியே உன் அம்மா. மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கு. பாவம்."

"எல்லாரும் சொல்றாங்க பெரியப்பா."

"எல்லாருமா? உன் கூட யாரு இருக்கா சொல்றதுக்கு?"

அவர் இடது கையால் டீ ஊற்றினார். வலது கை கம்பளிச் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. ரோவீனா மூன்று கட்டி சர்க்கரை போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"யாரு சொன்னா மூணுன்னு?"

"அப்பா."

"நான் சர்க்கரைய விட்டு இருபது வருஷமாச்சு. டாக்டர் பாத்தா என்னைக் கொன்னுடுவா." சொல்லிக்கொண்டே எடுத்துக் குடித்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி குடித்தார்.

பூதக்கண்ணாடி தயாராக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் முதல் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளக்குக்காரி! அடியே, உனக்கு மூக்கு வந்திருக்கே! நெவில் செஞ்சப்ப உருளைக்கிழங்க ஒட்டி வச்சாப்ல இருக்கும்."

"நான் கொஞ்சம் செதுக்கிட்டேன்."

"கொஞ்சமா? இவ இப்ப சினிமாவுக்கே போகலாம்." அடுத்தது. "பனிமூட்டம். இவன் மேலங்கி மடிப்பு நான் செஞ்சது. அப்படியே வச்சிருக்கே."

"அதுல கை வைக்கத் தோணல. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

லெஸ் நிமிர்ந்து பார்த்தார். அவர் காது சிவந்தது. எழுபத்தொன்பது வயதில் ஒருவர் வெட்கப்படுவதை ரோவீனா பார்த்ததில்லை. தன் வேலையைப் பற்றி ஒருவருடன் உட்கார்ந்து பேசுவது எப்படி இருக்கும் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் இப்படியே போகக் கூடாதா என்றிருந்தது.

ஆறாவது பொம்மையை எடுத்தார்.

பூதக்கண்ணாடி அப்படியே நின்றது.

"இந்தக் கை யாரு வேலை?"

"என்னோடதுதான். பழசுல ரெண்டு விரல் விழல பெரியப்பா. வார்ப்புல குறை. சரி பண்ணிட்டேன்."

லெஸ் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். வலது கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல், சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கட்டைவிரல். அப்புறம் வெற்றிடம். அப்புறம் மோதிர விரல், சுண்டுவிரல்.

ரோவீனா திரும்பிப் பொம்மையின் கையைப் பார்த்தாள்.

"வார்ப்புல குறை இல்ல கண்ணு" என்றார் அவர்.

*

அன்றைக்கு ஷெட்டில் ஓடியது ரப்பர் அச்சை அழுத்தும் சூட்டு யந்திரம். இரண்டு வட்ட ரப்பருக்கு நடுவே மூலப் பொம்மைகளை அடுக்கி அழுத்தினால் அச்சு விழும். லெஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். நெவில் நெம்புகோல் பக்கம். ரேடியோவில் ஃபாரஸ்ட் அணியின் கால்பந்தாட்டம்.

"ஃபாரஸ்ட் கோல் போட்டுச்சு. உன் அப்பன் குதிச்சான். குதிச்சு இறங்கினது நெம்புகோல் மேல. உள்ள என் கை." லெஸ் சொன்னார். "அந்த கோலையும் நடுவர் ஒத்துக்கல. அதான் இன்னும் எரிச்சல்."

அவள் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் அவரைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் ஓரத்துல உட்காந்தான். வானிலை பத்திப் பேசினான். அடுத்த நாளும் வந்தான். பஸ் லேட்டுன்னான். 'தப்பு பண்ணிட்டேன்டா'ன்னு ஒரு வார்த்தை. அது மட்டும் அவன் வாயில வரல."

"அதனால போயிட்டீங்களா?"

"தையல் பிரிச்ச அன்னிக்கு ஷெட்டுக்குப் போனேன். யாரும் இல்ல. கொக்கிக்காரனோட மூலப் பொம்மைய எடுத்தேன். உன் அப்பன் அவனை என் மாதிரியேதான் செஞ்சிருந்தான், தாடைய எல்லாம் பாரு. கட்டரால ரெண்டு விரலையும் நறுக்கிட்டேன். புது அச்சு அழுத்தி வச்சுட்டு, பழைய அச்சை அடுப்புல போட்டுட்டுக் கிளம்பிட்டேன். இனிமே அவன் ஒவ்வொரு தடவை வார்க்கும்போதும் இதைப் பாக்கணும். பாத்தே ஆகணும்."

எழுந்துபோய் ஒரு டாஃபி டப்பாவோடு வந்தார். திறந்து மேசையில் கவிழ்த்தார். கொக்கிக்காரர்கள். எல்லாம் ஈயம். எல்லோருக்கும் மூன்று விரல்.

"வருஷத்துக்கு ஒண்ணு. வேற வேற பேருல தபால்ல வாங்குவேன். மாத்திட்டானான்னு பாக்கறதுக்கு. ஒரு தடவை குறை சொல்லியே எழுதினேன், திரு பெக்ங்கற பேருல. விரல் இல்லாத பொம்மைய அனுப்பிட்டீங்க, என்ன கம்பெனி நடத்துறீங்கன்னு."

"பதில் வந்துச்சா?"

டப்பாவின் அடியிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து ரோவீனாவுக்கு உடனே தெரிந்தது.

'ஐயா, இது வார்ப்புக் குறை அல்ல. அவன் அப்படித்தான். வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன். அவனை நான் மாற்ற மாட்டேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அவன் அந்தக் கைய மாத்தாம வச்சிருந்த வரைக்கும் நாங்க பேசிக்கிட்டுதான் இருந்தோம்" என்றார் லெஸ். "இப்ப சொல்லு. விரல் போடணும்னு யாருக்குத் தோணுச்சு? உனக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"அப்பாதான் சொன்னாரு. மாடி ஏறி வந்து சொன்னாரு."

லெஸ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே கடல் தெரியாது. பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிதான் தெரியும்.

"அழிக்கப் பாக்கறான்" என்றார் மெல்ல. "நான் சாகறதுக்குள்ள அழிச்சுட்டு, ஒண்ணுமே நடக்கலன்னு நானூறு பேருக்கு விக்கப் பாக்கறான்."

"அப்படி இருக்காது பெரியப்பா. வேற எதுவோ சொல்ல வந்திருப்பாரு."

"என்ன சொல்ல வந்தான்?"

அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. ஒரே கூரைக்குக் கீழே ஆறு மாதம் இருந்தும் தெரியவில்லை.

"மூணு விரலாக்கு" என்றார் லெஸ். "முன்ன இருந்தபடி. இப்பவே கையெழுத்துப் போடறேன். முடியுமா இங்கயே?"

ரோவீனா லேப்டாப்பைத் திறந்தாள். அந்த இரண்டு விரல்களும் தனி அடுக்கில் இருந்தன. ஓரத்தில் இருக்கும் சின்னக் கண் படத்தை அழுத்தினால் போதும். அழுத்தினாள். விரல்கள் போய்விட்டன. இரண்டு நாள் வேலை, நொடியில்.

லெஸ் பேனாவை எடுத்து இடது கையில் பிடித்தார். தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் நின்று நின்று ஏறி வந்த அப்பாவின் முட்டி நினைவுக்கு வந்தது. ஆறு மாதத்தில் அவர் கேட்டது இது ஒன்றுதான். அதை இங்கே, அவர் இல்லாத இடத்தில், அவருக்குத் தெரியாமல் எடுப்பதா?

கண் படத்தை மறுபடி அழுத்தினாள். விரல்கள் வந்தன.

"என்ன பண்றே?" என்றார் லெஸ்.

"என்னால முடியாது பெரியப்பா."

"இப்பதான் பண்ணே!"

"கையால முடியும். அப்பாகிட்ட சொல்லாம முடியாது. நீங்க அவருகிட்ட சொல்லுங்க."

"அவன்கிட்ட எனக்குப் பேச்சில்ல."

"எனக்கும்தான் ஆறு மாசமா யார்கிட்டயும் பேச்சில்ல." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஈயப் பொம்மைய வச்சே பேசி முடிச்சிட்டீங்க. நான் அதுக்கு விரல் போட்டேன், எடுத்தேன். எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இனிமே நான் போடவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா செய்யறேன்."

"திங்கட்கிழமை?"

"போனா போகட்டும்."

அப்படிச் சொன்னபோது நானூறு பேரும் ஒரே நேரத்தில் விளக்கை அணைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. இருந்தாலும் லேப்டாப்பை மூடினாள். பொம்மைகளைப் பஞ்சில் சுற்றத் தொடங்கினாள். கொக்கிக்காரனுக்குக் கை நீட்டியபோது லெஸ் தன் வலது கையை அதன்மேல் கவிழ்த்தார்.

"இதை வச்சுட்டுப் போ."

"கையெழுத்து?"

"வச்சுட்டுப் போன்னு சொன்னேன்."

வைத்துவிட்டு வந்தாள். பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒருமுறை பார்த்தாள். அவர் வாசலில் இல்லை. ஜன்னலில் இருந்தார். தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. குனிந்து எதையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ரயில் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து நெவில் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"போட்டானா?"

"இல்ல."

மறுமுனையில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் சொல்லல அப்பா?" என்றாள். "தெரிஞ்சே என் கையில குடுத்து அனுப்பினீங்க. அவரு கைய மேசையில வச்சாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

நெவில் கோப்பையை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்கு விரல் போடச் சொன்னீங்க? அழிக்கவா?"

"அப்படியா சொன்னான் அவன்?"

"நான் உங்களைக் கேக்கறேன்."

கெட்டில் தானாக அணையும் சத்தம். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வயலின் நடுவே டிராக்டர் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக நின்றது.

"கம்ப்யூட்டர்ல எது வேணும்னாலும் திருப்பிக் கொண்டாரலாம்னு ஒரு நாள் சொன்னியே" என்றார் நெவில். "வந்த புதுசுல, சாப்பிடும்போது. அதான்."

ரோவீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொம்மைய என்ன பண்ணான்? வீசிட்டானா?"

"வச்சுக்கிட்டாரு."

"எதை?"

"நீங்க போடச் சொன்னதை. அஞ்சு விரலோட."

நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை அந்தப் பக்கம் ரயில் உண்டா?"

"உண்டு. ஒன்பதே முக்காலுக்கு."

"நீ அந்தப் பாதையெல்லாம் பாத்து வச்சிருப்பே. எங்க மாறணும், எங்க இறங்கணும்னு..."

"நான் வரல அப்பா. நீங்க மட்டும் போங்க."

"முட்டி..."

"அப்பா."

"சரி." பிறகு அவள் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்: "போய் நான் என்ன சொல்றது, அவன்கிட்ட?"

"அது எனக்குத் தெரியாது அப்பா."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. ஸ்லீஃபர்ட் ஸ்டேஷன் வரைக்கும் இருவரும் ஒன்றும் பேசாமல் அப்படியே இருந்தார்கள்.